தோட்டத்து ஹாலைப் பரோக் அரண்மனை நடன மண்டபம்போல அலங்கரிப்பது எப்படி

தங்கச்சி கல்யாண விருந்தை மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டல் பால்ரூமில் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மேசைக்கு இவ்வளவு என்று அவர்கள் சொன்ன விலையை முப்பதால் பெருக்கிப் பார்த்த அப்பா பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கடைசியில் சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பழைய ஹாலிலேயே வைத்தோம். தகரக் கூரை, கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல், தலைக்கு மேலே இரும்புச் சட்டங்கள், டியூப் லைட், அவ்வளவுதான் அந்த ஹால். விருந்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான்கு குடும்பங்கள் "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் பிளாஸ்டர் சீலிங் வேலை செய்கிறவன். தங்கச்சி ஒருநாள் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்: இத்தாலியின் வெனிஸில் இருக்கும் கா ரெட்ஸோனிகோ அரண்மனையின் நடன மண்டபம். பரோக் என்கிற, 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆடம்பரப் பாணி. இரண்டு மாடி உயரம், சுற்றிலும் பெரிய பெரிய தூண்கள், மேலே வானத்தில் சூரியக் கடவுள் அப்போலோ தேரோட்டிக்கொண்டு போகிறார். "அண்ணே, இதுல பாதி வந்தாக்கூடப் போதும்" என்றாள். படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அந்தத் தூண்களில் ஒன்றுகூடக் கல் இல்லை. சமதளச் சுவரில் சாயத்தால் வரைந்த தூண்கள். 1751இல் ரெட்ஸோனிகோ குடும்பம் பாதியில் நின்ற அந்த அரண்மனையை வாங்கி, மேல்மாடித் தளத்தை எடுத்துவிட்டு மண்டபத்தை உயரமாக்கியது. கட்டடக் கலைஞர் ஜோர்ஜியோ மசாரி. சுவரிலும் மேலேயும் இருக்கிற கட்டடம் முழுக்க பியெத்ரோ விஸ்கோந்தியும் ஜாம்பத்திஸ்தா குரோசாத்தோவும் தூரிகையால் எழுப்பியது.

ரோமில் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தில் ஓவியர் அந்திரேயா பொட்ஸோ 1685இல் ஒரு முழுக் குவிமாடத்தையே துணியில் வரைந்து மேலே மாட்டினார். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் அரண்மனையின் கைசர் மண்டபத்தில் வரிசையாக நிற்கும் செம்பளிங்குத் தூண்கள் எல்லாம் ஜிப்சமும் பசையும் வண்ணப்பொடியும் குழைத்துப் பூசி, தேய்த்துப் பளபளப்பாக்கியவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு "போலியாச் செய்யப் போறோமே" என்ற கூச்சம் எனக்குப் போய்விட்டது. பிரபுக்களின் மண்டபமே சுண்ணாம்பு, ஜிப்சம், மரம், பசை, சாயம், கண்ணாடி. நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையிலும் அதே பொருள்தான் இருக்கிறது. எதை எங்கே வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

நம்ம கோயில் கோபுரத்துச் சுதை வேலையைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். உள்ளே கம்பி, மேலே காரை, அதன்மேல் வண்ணம். மதுரை திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது, ஐரோப்பாவில் பரோக் மண்டபங்கள் எழும்பிய அதே நூற்றாண்டு. அங்கேயும் சுண்ணாம்புச் சுதையைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல மினுக்கியிருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு அந்நிய வேலை இல்லை.

முதலில் அளவு

பொருள் வாங்க ஓடாதீர்கள். ஒரு சாயங்காலம் ஹாலுக்குப் போய் நீளம், அகலம், இரும்புச் சட்டம் வரைக்குமான உயரம், கதவு ஜன்னல் இருக்கும் இடம், பிளக் பாயிண்ட் எத்தனை, காற்றாடி எத்தனை, எல்லாம் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கும்போதே சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். எங்களிடம் கூடாது என்றார்கள், அது நல்லதாகவே போயிற்று, ஏனென்றால் எல்லாவற்றையும் தனியாக நிற்கும் சட்டங்களில் செய்ததால்தான் மறுநாள் கழற்றி எடுத்து வைக்க முடிந்தது.

எங்கள் ஹால் 60 அடி நீளம், 40 அடி அகலம், சட்டம் வரை 14 அடி. நீளச் சுவரை ஐந்து சம பாகமாகப் பிரித்தேன், பாகத்துக்கு 12 அடி. ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் ஒரு வளைவு வரும். இரட்டைப்படையாகப் பிரித்தால் நடுவில் ஒரு தூண் வந்து நின்று கண்ணை முட்டும். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் 17 வளைவுகள். 73 மீட்டர் நீளம், 10.5 மீட்டர் அகலம்தான், ஆனால் ஒரே வளைவு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால் அதற்கு முடிவே இல்லாததுபோலத் தோன்றும். பாட்டுக்குத் தாளம் மாதிரி இது. இடைவெளி நான்கு அங்குலம் தப்பினாலும் பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்துவிடும்.

சுவரை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே பீடம், நடுவில் தூணும் வளைவும், மேலே சுற்றி ஓடும் கார்னிஸ், அதாவது புடைத்து நிற்கும் அலங்காரப் பட்டி. உருண்டைத் தூண் செய்ய ஆசைப்படாதீர்கள், இடமும் அடைக்கும், செலவும் கூடும். சுவரோடு ஒட்டிய தட்டைத் தூண் போதும், அரண்மனைகளிலும் பெரும்பாலும் அதுதான். கணக்கு ஒன்றே ஒன்று: இலை வேலைப்பாடு உள்ள கொரிந்தியத் தூணுக்கு, அகலத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு உயரம். 9 அங்குல அகலம் என்றால் 90 அங்குல உயரம். அதற்குக் கீழே 2 அடி பீடம் வைத்தால் மொத்தம் ஒன்பதரை அடி வரும், அதன்மேல் ஒரு அடிக்குக் கார்னிஸ். பத்தரை அடியிலிருந்து மேலே எல்லாம் துணி. நம்ம பக்கத்தில் கல்யாண மேடைகளில் குட்டையும் பருமனுமாகத் தூண் வைக்கிறார்கள், அதில் எவ்வளவு தங்க வண்ணம் பூசினாலும் அரண்மனை வராது, காரணம் இந்தக் கணக்குதான்.

தூணும் பீடமும் பிளைவுட் பலகையில் வெட்டி, பின்னால் இரண்டுக்கு இரண்டு மரக்கட்டையில் கால் கொடுத்து, கால்மேல் மணல் மூட்டை வையுங்கள். மேல்முனையைக் கயிறு போட்டு இரும்புச் சட்டத்தில் கட்டுங்கள். பிள்ளைகள் ஓடுவார்கள், சாய்வார்கள், அதனால் மணல் மூட்டையும் கயிறும் இரண்டுமே வேண்டும்.

கண்ணாடி

பரோக் மண்டபத்துக்கு உயிர் கண்ணாடிதான். வெர்சாயில் ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்கள், நேர் எதிரே கண்ணாடி வளைவுகள். மொத்தம் 357 கண்ணாடி, வளைவுக்கு 21. அந்தக் காலத்தில் பெரிய பலகையாகக் கண்ணாடி செய்ய முடியாது, அதனால் சின்னச் சின்னத் துண்டுகளை அடுக்கித்தான் பெரிதாகக் காட்டினார்கள். நல்ல கண்ணாடி என்றால் வெனிஸ்தான் என்றிருந்த காலம் அது. பிரான்ஸ் 1665இல் சொந்த ஆலை தொடங்கி வெனிஸ் தொழிலாளர்களை இழுத்து வந்தது, பிறகு 1678 தொடங்கி 1684க்குள் இந்த மண்டபத்தைக் கட்டி உலகத்துக்குக் காட்டியது. ஆக, நீங்கள் ஒரு அடிச் சதுரக் கண்ணாடிகளை வாங்கி அடுக்கினால் அசல் முறைதான் அது, சமாளிப்பு இல்லை. நாங்கள் வளைவுக்கு மூன்று வரிசையில் ஏழு ஏழாக 21 வைத்தோம், ஐந்து வளைவுக்கு 105.

அசல் கண்ணாடி வேண்டாம், கனம், உடையும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் கண்ணாடி வாங்குங்கள். இரட்டைப்பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். முதலில் நான் டேப்பில்தான் ஒட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே இருந்த சூட்டில் பசை இளகி, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு துண்டுகள் விழுந்தன, தங்கச்சி முகம் வாடிப்போனது. அப்புறம் எல்லாவற்றையும் பிளைவுட்டில் சிலிகானால் ஒட்டினேன். சிலிகானிலும் கவனம், புளிச்சக்காடி வாசனை அடிக்கிற வகை கண்ணாடியின் பின்பூச்சைத் தின்றுவிடும். வாசனை இல்லாத நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். துண்டுக்கு ஐந்து பொட்டு வைத்து, படுக்கவைத்த நிலையிலேயே ஒரு முழு நாள் காய விட்டு, பிறகுதான் நிமிர்த்த வேண்டும்.

எங்கே வைப்பது என்பது இன்னும் முக்கியம். வைக்கப் போகும் இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள், உங்கள் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதைத்தான் கண்ணாடி இரண்டு மடங்காக்கும். ஜன்னல், விளக்கு, மேடை, பூ தெரிந்தால் வையுங்கள். சமையல் கொட்டகை, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, கைகழுவும் குழாய் தெரிந்தால் வேண்டாம். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைக்கவே கூடாது, கரண்ட் போய் அவசரம் என்றால் ஜனம் எது கதவு என்று தெரியாமல் கண்ணாடியில் போய் மோதும்.

ஜன்னல் பக்கம் சுவரை மறைக்க வேண்டாம், நாக்கோ ஜன்னலைத் திறந்து வைத்து மெல்லிய வெள்ளைத் திரை மட்டும் தொங்கவிடுங்கள், காற்று வர வேண்டும். ஆனால் நம்ம விருந்து ராத்திரியில், வெளியே செம்பனைத் தோட்டம், ஒரே இருட்டு. ஜன்னல் எல்லாம் கறுப்புக் கட்டமாகத் தெரியும். அதற்கு வெளித் தாழ்வாரத்திலும் முன்னால் நிற்கும் மாமரத்திலும் மஞ்சள் மினி விளக்குச் சரம் போட்டோம். திரைக்குப் பின்னால் மங்கலாக வெளிச்சம் வந்தது, எதிரே கண்ணாடியில் அதே வெளிச்சம் திரும்ப வந்தது. மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

ரப்பர் பாலில் அச்சு

தூண் தலையில் வரும் இலைக்கொத்து, வளைவு நெற்றியில் வரும் சிப்பி, கார்னிஸ் கீழே வரிசையாகத் தொங்கும் பூமாலை, இவை எல்லாம் ஒன்றைச் செய்து நூறாக வார்க்க வேண்டியவை. கார்னிஸ் நீளத்துண்டுகளைப் பிளாஸ்டர் சீலிங் பட்டறையில் ஆயத்தமாகவே வாங்கலாம், அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் இலைக்கொத்துக்கு அச்சு எடுத்தால்தான் அழகு, அச்சுக்கு உலகத்திலேயே நல்ல பொருள்களில் ஒன்று நம்ம அம்மாக்கள் விடியற்காலையில் மரம் சீவி வாளியில் சுமந்த அதே பால்.

மரத்திலிருந்து எடுத்த பச்சைப் பாலை அப்படியே பூசாதீர்கள். அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். காய்ந்தாலும் ஒட்டும், இழுத்தால் கிழியும். அச்சுக்கென்றே பதப்படுத்திய, சுமார் 60 சதவீதம் ரப்பர் உள்ள கெட்டிப் பால் இருக்கிறது, முன்பே வல்கனைஸ் செய்தது என்று கேட்டால் கொடுப்பார்கள். அம்மோனியா வாடை தூக்கும், வெளியில் காற்றோட்டத்தில் வைத்து வேலை செய்யுங்கள்.

மூல உருவத்தைக் களிமண்ணிலோ மரத்திலோ செய்துகொள்ளுங்கள். பழைய மரக் கட்டிலின் தலைமாட்டில் நல்ல செதுக்கு இருந்தால் அதையே பயன்படுத்தலாம், நாங்கள் பாட்டியின் அலமாரி உச்சியில் இருந்த இலைக்கொத்திலிருந்து எடுத்தோம். செம்பு, பித்தளைச் சாமான்மேல் மட்டும் பூசாதீர்கள், செம்பு பட்டால் ரப்பர் கெட்டுப்போகும். எண்ணெயும் ஆகாது. தூரிகையில் மெல்லிசாக ஒரு பூச்சு, காற்றுக்குமிழ் இல்லாமல், பள்ளங்களுக்குள் போகும்படி. பால்வெள்ளை மாறிக் கண்ணாடிபோல ஆனதும் அடுத்த பூச்சு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பூச்சு. நடுவில் ஏழாவது எட்டாவது பூச்சில் மருந்துக்கட்டுத் துணியைச் சின்னத் துண்டுகளாக வைத்துப் பூசினால் அச்சு இழுபடாது. தடிப்பாக ஒரே தடவையில் பூசி வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள், மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். எல்லாம் காய்ந்ததும், மூலத்திலிருந்து உரிப்பதற்கு முன்னாலேயே அதன்மேல் பிளாஸ்டரில் ஒரு தொட்டில் வார்த்துக்கொள்ளுங்கள், வார்க்கும்போது அச்சு கோணாமல் அதில் உட்காரும். உரித்த உடனே இரண்டு பக்கமும் பவுடர் தூவுங்கள், இல்லாவிட்டால் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

வார்ப்பது சுலபம். தண்ணீரில் பிளாஸ்டர் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எடையில் பத்துப் பங்கு பொடிக்கு ஆறு ஏழு பங்கு தண்ணீர். தூவிவிட்டு ஒரு நிமிடம் ஊற விட்டு, குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கி, முதலில் கொஞ்சம் ஊற்றித் தூரிகையால் மூலைமுடுக்கெல்லாம் தள்ளி, பிறகு நிரப்புங்கள். ரப்பர் வளையும், அதனால் உள்மடிப்புள்ள இலைகூட உடையாமல் வெளியே வரும். அரைமணிக்கு ஒன்று என்று, வேலை முடிந்து வந்த சித்தப்பாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு வாரத்தில் 120 துண்டு வார்த்துவிட்டோம். கழுவிய பிளாஸ்டர் தண்ணீரைக் குழாய்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், உள்ளே போய்க் கல்லாகிவிடும், மண்ணில் ஊற்றுங்கள்.

வண்ணமும் தங்கமும்

சுவர்ப் பலகைகளுக்குத் தந்த நிறம், அல்லது சாம்பல் கலந்த வெளிர் பச்சை. பளீர் வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். பளிங்குக்கு, ஈரமாக இருக்கும் அடிவண்ணத்தின்மேல் கொஞ்சம் அடர்ந்த நிறத்தைத் தொட்டு, கோழி இறகின் ஓரத்தால் சாய்வாக இழுத்துக்கொண்டே போங்கள். ரேகை ஒரே திசையில் சாய்ந்து ஓட வேண்டும், இடையிடையே கிளை பிரிய வேண்டும். கை அழுத்தாமல் நடுங்கினாலும் பரவாயில்லை, நேர்கோடு போட்டால்தான் கெட்டது. பழைய பலகையில் பத்துத் தடவை பழகிவிட்டுத் தூணில் கை வையுங்கள்.

தங்கம் பூசுகிற விஷயத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். அசல் மண்டபங்களில் மரத்திலும் சுதையிலும் தங்க இழை ஒட்டுவதற்கு முன்னால் போல் என்கிற செம்மண் நிறக் களிமண்ணைப் பூசுவார்கள். இழை தேய்ந்த இடத்தில் அந்தச் சிவப்பு லேசாக எட்டிப் பார்க்கும், தங்கத்துக்கு அந்தச் சூடான ஆழம் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே வார்த்த துண்டுகளுக்கு முதலில் செங்கல் நிற வண்ணம் பூசுங்கள், நன்றாகக் காய்ந்ததும் தங்க வண்ணத்தை அரைகுறையாகக் காய்ந்த தூரிகையால் மேடான இடங்களில் மட்டும் தடவுங்கள். பள்ளத்தில் சிவப்பு அப்படியே இருக்கட்டும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், நேராகத் தங்கம் அடித்த துண்டு பிளாஸ்டிக்காகத் தெரியும், இது பழைய பொருளாகத் தெரியும். நம்ம தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணக்கலவையை மேடாக எழுப்பி அதன்மேல் தங்கத்தாள் ஒட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை.

தங்கம் ஓரங்களுக்கு மட்டும்: சட்ட விளிம்பு, இலை நுனி, கார்னிஸில் ஒரே ஒரு கோடு. சுவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கமானால் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் களைத்துவிடும். என் மாமா "இன்னும் கொஞ்சம் அடிடா, கல்யாண வீடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மறுத்துவிட்டேன், அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

மேலே வானம்

தேவதைகளை அச்சடித்த பேனரை மேலே கட்டலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. வேண்டாம். அந்த ஓவியங்கள் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்காக வரைந்தவை. ரோமில் பொட்ஸோவின் தேவாலயத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் பளிங்கு வட்டமே பதித்திருக்கிறார்கள், தள்ளி நின்றால் தூண்கள் சரிந்து தெரியும். கணினியில் இழுத்து நீட்டிய படம் நம்ம உயரத்துக்குப் பொருந்தாது. ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. வூர்ட்ஸ்பர்க்கில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ 1750களின் தொடக்கத்தில் வரைந்த விதானங்களைப் பாருங்கள், கூட்டம் எல்லாம் ஓரத்தில், நடுவில் வெறும் வெளிச்சமும் மேகமும். நடுவைக் காலியாக விட்டதால்தான் மண்டபம் மேலே திறந்துகொண்டதுபோல இருக்கிறது.

நமக்கு மேற்கட்டி கட்டுவது புதிதா என்ன? கோயிலிலும் சடங்கு வீட்டிலும் வெள்ளை கட்டித்தான் பழக்கம். அதே துணி வேலை. ஓரத்தில் தந்த நிறம், உள்ளே போகப் போக வெளிர் நீலம், நடுவில் நீள்வட்டமாகச் சுத்த வெள்ளை. நீள்வட்டத்துக்கு பிவிசி குழாயை வளைத்துச் சட்டம் செய்து, இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டு, சுற்றிலும் துணியை மடிப்பு மடிப்பாக இழுத்துக் கார்னிஸ் பின்னால் ஊசி குத்துங்கள். நீள்வட்ட ஓரத்தில் வார்த்த பூமாலைத் துண்டுகளை வைக்க ஆசையாக இருக்கும், ஆனால் தலைக்கு மேலே பிளாஸ்டர் வேண்டாம், அங்கே மட்டும் பாலிஸ்டைரின். சீலிங் காற்றாடி எல்லாவற்றையும் அணைத்து பிளேடைக் கழற்றிவிடுங்கள், துணி ஒருமுறை சுற்றிக்கொண்டால் மொத்தமும் கீழே வரும். அதற்குப் பதில் பெரிய நிற்கும் காற்றாடிகளைத் தட்டைத் தூண்களுக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். துணிக்கும் விளக்குக்கும் நடுவில் குறைந்தது இரண்டடி விடுங்கள். தீயணைக்கும் சிலிண்டர் இரண்டு கட்டாயம்.

விளக்கு

டியூப் லைட்டைப் போட்டால் இவ்வளவு வேலையும் வீண். நம்ம வீடுகளில் போடும் டேலைட் விளக்கு 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் என்பது ஒளியின் நிறத்துக்கான அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1900. தங்கமும் பளிங்கும் கண்ணாடியும் மெழுகுவத்திக்காகவே செய்தவை. ஒரு சுடரைக் கண்ணாடி இரண்டாக்கும், தங்க விளிம்பு அதை இன்னும் பத்துப் பொட்டாக்கும். அதனால் 2700 கெல்வின் வார்ம் வைட் எல்இடி வாங்குங்கள், பெட்டியில் எண் போட்டிருக்கும். சில பெரிய விளக்கைவிடப் பல சின்ன விளக்கு நல்லது. நாங்கள் 4 வாட் பல்பு 60 போட்டோம், மொத்தம் 240 வாட்தான்.

உயரம் முக்கியம். தொங்கு விளக்கைக் கூரையோடு ஒட்டிக் கட்டாதீர்கள், தரையிலிருந்து எட்டரை, ஒன்பது அடியில் தொங்கட்டும், கார்னிஸுக்குக் கீழே. தூண்களுக்கு நடுவில் முக உயரத்துக்குச் சற்று மேலே கிளை விளக்கு, அதன் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி. மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் எல்லார் கண்ணுக்குக் கீழேயும் நிழல் விழும், புகைப்படத்தில் பெண்பிள்ளை களைத்துப்போனதுபோல இருப்பாள். பக்கவாட்டில் வந்தால் முகம் மலரும்.

தொங்கு விளக்குக்குப் பழைய சைக்கிள் சக்கர வளையம் பெரிது ஒன்று, சிறிது ஒன்று எடுத்து, செங்கல் சிவப்பும் தங்கமும் பூசி, மேலும் கீழுமாகச் சங்கிலியில் கட்டி, அக்ரிலிக் மணிச்சரம் தொங்கவிட்டோம். கா ரெட்ஸோனிகோவின் பெரிய தொங்கு விளக்குகளும் தங்கம் பூசிய மரமும் உலோகமும்தான், படிகம் இல்லை. இரும்புச் சட்டத்தில் ஒரு சங்கிலி, அது அறுந்தால் பிடிக்க இன்னொரு சங்கிலி. வயரிங்கை மட்டும் உரிமம் உள்ள எலெக்ட்ரிஷியனிடம் விடுங்கள். காற்றாடி, ஒலிபெருக்கி, சோறு சூடாக்கும் சாமான் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகக் கூடாது, ஒரு 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3000 வாட்தான் தாங்கும்.

தரையும் மேசையும்

சிமெண்டுத் தரையை மறைக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டிக்கார் கெத்தா, அதாவது தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, போதும். சுவருக்கு நேராகப் போடாமல் கட்டங்கள் மூலைவாட்டில் வரும்படி விரித்தால் ஹால் அகலமாகத் தெரியும். ஓரங்களை டேப்பால் அடக்கிவிடுங்கள், பாட்டிமார் கால் தடுக்கும்.

அந்த மண்டபங்களில் நடு இடம் எப்போதும் காலி, நாற்காலி எல்லாம் சுவரோரம். நமக்கு முப்பது மேசை போட வேண்டும், வேறு வழியில்லை. இருந்தாலும் வாசலிலிருந்து மேடை வரை எட்டடி அகலத்துக்கும், விதான நீள்வட்டத்துக்கு நேர் கீழேயும் ஒன்றும் வைக்காதீர்கள். அந்த நடுவில் அம்மா மாக்கோலம் போட்டாள், நீள்வட்டக் கோலம். மேலே வெள்ளை வானம், கீழே வெள்ளைக் கோலம். நான் திட்டத்தில் வைத்திருந்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. குத்துவிளக்கை வாசலில் வைக்காமல் நடுக் கண்ணாடி வளைவுக்கு முன்னால் வையுங்கள், கண்ணாடியில் இன்னொரு விளக்கு எரியும். துணியும் பலகையும் இருக்கும் இடம் என்பதால் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், திரை நாலடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

நாற்காலிக்குத் தந்த நிற உறை, மேசைக்கு அதே நிறத் துணி, நடுவில் குட்டையான பூ. உயரமான பூ ஜாடி வைத்தால் எதிரே உட்கார்ந்த மாமியின் முகமும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது.

கழற்றும்போது

அவசரப்பட்டு இரவே பிய்க்காதீர்கள், களைத்த கையில்தான் உடையும். மறுநாள் காலையில் முதலில் விளக்கு, பிறகு துணி, பிறகு கண்ணாடிப் பலகை, கடைசியில் தூண். ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் பென்சிலில் எண் போடுங்கள்: வலது 1, வலது 2 என்று. கண்ணாடிப் பலகைகளை நேருக்கு நேர் வைத்து நடுவில் பழைய பெட்ஷீட், படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். பிளாஸ்டர் துண்டுகளைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றி மைலோ பெட்டியில்.

ரப்பர் அச்சைத்தான் அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலும் வெளிச்சமும் பட்டால் வெடித்துப்போகும். பவுடர் தூவி, அதன் பிளாஸ்டர் தொட்டிலிலேயே உட்காரவைத்து, கறுப்புப் பையில் கட்டி, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மேல் லயத்து அக்கா மகள் சடங்குக்கு அதே அச்சில் இன்னும் நாற்பது இலை வார்க்க வேண்டும், பிளாஸ்டர் இரண்டு மூட்டை சொல்லி வைத்திருக்கிறேன்.